ஒரே அட்ரினலின் ஓரிடத்தில் சுருக்கி, இன்னோரிடத்தில் விரிப்பது எப்படி?

செவிலியர் பட்டப்படிப்பில் இருக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது: "பரிவு நரம்பு மண்டலம் வண்டியின் ஆக்ஸிலேட்டர், எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் பிரேக் என்று படித்தோம். அப்படியானால் அட்ரினலின் என்ற ஒரே பொருள் தோலின் ரத்தக்குழாயைச் சுருக்குவதும், தசைக்குப் போகும் ரத்தக்குழாயை விரிப்பதும், மூச்சுக்குழலைத் தளர்த்துவதும், இதயத்தை மட்டும் வேகமாக அடிக்க வைப்பதும் எப்படி? ஆஸ்துமா உள்ள என் அம்மாவுக்குப் படபடப்புக்கான ப்ரோப்ரனலால் மாத்திரையைத் தரவே கூடாது என்று மருத்துவர் சொன்னதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?"

தொடர்பு உண்டு. இரண்டு கேள்விகளுக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது: நரம்பு அனுப்பும் வேதிப்பொருளில் அல்ல, அதை வாங்கிக்கொள்ளும் செல்லின் மேல் இருக்கும் ஏற்பியில். பல ஆண்டுகளாக மருந்தியல் கற்பித்து வருகிறேன். ஆக்ஸிலேட்டர், பிரேக் என்ற உவமை முதல் வகுப்புக்கு உதவுகிறது, இரண்டாம் வகுப்பிலேயே வழியை மறிக்கத் தொடங்கிவிடுகிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆகவே அந்த உவமையை ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்குகிறேன்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் விருப்பத்தைக் கேட்காமலே இதயம், ரத்தக்குழாய், குடல், சிறுநீர்ப்பை, கண்ணின் பாவை, சுரப்பிகள் ஆகியவற்றை நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம். பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்புப் பகுதியின் மேற்பாகத்திலிருந்தும் கிளம்புகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள் மூளைத்தண்டிலிருந்தும் தண்டுவடத்தின் அடிக்கோடியிலிருந்தும் கிளம்புகின்றன. இரண்டிலும் செய்தி பெரும்பாலும் இரண்டு நரம்பணுக்களின் வழியாகவே உறுப்பைச் சேர்கிறது. முதல் நரம்பணு இரண்டு மண்டலங்களிலும் அசிட்டைல்கோலினையே வெளியிடுகிறது. இரண்டாவது நரம்பணுவில்தான் வேறுபாடு: எதிர்ப்பரிவு நரம்பின் நுனி அசிட்டைல்கோலினையும், பரிவு நரம்பின் நுனி பெரும்பாலும் அட்ரினலினின் நெருங்கிய உறவான நார்அட்ரினலினையும் வெளியிடுகின்றன. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி, நுனியே இல்லாத ஒரு பரிவு நரம்பு முடிச்சு போன்றது. அது தன் சரக்கை நேரே ரத்தத்தில் கொட்டுகிறது, அந்தச் சரக்கில் ஏறத்தாழ 80 விழுக்காடு அட்ரினலின்.

இந்த இரண்டு மண்டலங்களும் எல்லா இடத்திலும் எதிரெதிராக நிற்கின்றன என்பது உண்மையல்ல. இதயத்தின் துடிப்பு முடிச்சை எந்த நரம்பும் தொடாமல் விட்டுவிட்டால் அது நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும். நரம்புகள் அறுபட்ட மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் ஓய்வில்கூட நாடி 90க்கு மேல் இருப்பதற்கு இதுவே காரணம். அமைதியாக உட்கார்ந்திருக்கும் நமக்கு நாடி 70 என்றால், இதயத்துக்கு வரும் எதிர்ப்பரிவு நரம்பான வேகஸ் இடைவிடாமல் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மாடிப்படி ஏறத் தொடங்கும்போது முதலில் நடப்பது பரிவு நரம்பு விரட்டுவது அல்ல. வேகஸ் தன் பிடியைத் தளர்த்துவதுதான். இதயத்தில் இருவரும் உண்டு. ஆனால் உடலின் பெரும்பாலான ரத்தக்குழாய்களுக்கு எதிர்ப்பரிவு நரம்பே போவதில்லை. அங்கே பரிவு நரம்பு மட்டுமே தன் தூண்டலைக் கூட்டியும் குறைத்தும் குழாயைச் சுருக்குகிறது, விரிய விடுகிறது. வியர்வைச் சுரப்பி இன்னும் விசித்திரமானது: அதற்குப் போவது பரிவு நரம்பு, அந்த நரம்பின் நுனியிலிருந்து வருவதோ அசிட்டைல்கோலின். இந்த ஒரு விதிவிலக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் ஒரு நோயாளியின் உள்ளங்கையில் இது திரும்ப வரும்.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். அது உங்களுக்கு மட்டும் எழுந்த ஐயம் அல்ல; அரை நூற்றாண்டுக் காலம் உடலியலாளர்களை அலைக்கழித்தது. கேம்பிரிட்ஜில் லாங்லி, தானியங்கு நரம்பு மண்டலம் என்ற பெயரை 1898இல் வழங்கியவர், 1905இல் தசைச் செல்லில் "ஏற்கும் பொருள்" ஒன்று இருந்தாக வேண்டும் என்று எழுதினார். ஏற்பி என்ற கருத்தின் விதை அது. அடுத்த ஆண்டு ஹென்றி டேல் எர்காட் என்ற பூஞ்சைச் சாற்றைக் கொடுத்து வைத்திருந்த விலங்குக்கு அட்ரினலினைச் செலுத்தியபோது, ஏற வேண்டிய ரத்த அழுத்தம் இறங்கியது. அதே பொருள், அதே உடல், நேர்மாறான விளைவு. 1921இல் ஓட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயம் நனைந்திருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தின் மேல் விட்டார். நரம்பே தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாயிற்று. நரம்பு பேசுவது வேதிப்பொருளால்தான் என்பது அதனால் நிலைபெற்றது. டேலும் லோவியும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆனால் சுருக்கமும் விரிவும் ஒரே பொருளால் எப்படி என்ற புதிர் அப்படியே இருந்தது. ஹார்வர்டின் வால்டர் கேனனும் ரோசன்புளூத்தும் பரிவு நரம்பு தூண்டுவதற்கு ஒன்றும் அடக்குவதற்கு ஒன்றுமாக இரண்டு பொருள்களை உண்டாக்குகிறது என்று விளக்கம் சொன்னார்கள். கேனன் மிகப் பெரிய பெயர் என்பதால் அந்த விளக்கம் பாடநூல்களில் உட்கார்ந்துவிட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இருந்த ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948இல் வேறு வழியில் போனார். அட்ரினலின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் உறுப்பிலும் எது வலியது, எது மெலியது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனார். உறுப்புக்கு ஒரு வரிசை கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார். மொத்தம் இரண்டே வரிசைகள்தான் கிடைத்தன. அப்பொருள்களில் ஒன்றான ஐசோப்ரினலின் ஒரு வரிசையில் முதலிடத்திலும் மற்ற வரிசையில் கடைசியிலும் நின்றது. பொருள் இரண்டல்ல, ஏற்பிதான் இரண்டு என்ற முடிவுக்கு அவர் வந்து, அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டார். அந்தக் கட்டுரையை முதலில் ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பியது என்பதை மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு. டேல் கண்ட தலைகீழ் விளைவும் இப்போது விளங்குகிறது: எர்காட் ஆல்ஃபா ஏற்பியை அடைத்துவிட்டது, எஞ்சி நின்ற பீட்டா ஏற்பி தசையின் ரத்தக்குழாயை விரித்தது, அழுத்தம் இறங்கியது.

பிறகு வந்தவர்கள் இவற்றை மேலும் பிரித்தார்கள். தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் ரத்தக்குழாய்ச் சுவரில் ஆல்ஃபா 1 மிகுதி. இதயத்தில் பீட்டா 1. மூச்சுக்குழல், கருப்பை, எலும்புத்தசையின் ரத்தக்குழாய் ஆகியவற்றில் பீட்டா 2. ஆல்ஃபா 2 பெரும்பாலும் நார்அட்ரினலினை வெளியிடும் நரம்பு நுனியின் மேலேயே உட்கார்ந்து, "போதும், நிறுத்து" என்று அந்த நுனிக்கே சொல்கிறது. அசிட்டைல்கோலினுக்கும் இதே கதைதான்: நரம்பு முடிச்சிலும் எலும்புத்தசையிலும் நிக்கோட்டினிக் ஏற்பி, இதயத்தில் எம் 2 என்ற மஸ்கரினிக் ஏற்பி, சுரப்பி, குடல், மூச்சுக்குழல், பாவையைச் சுருக்கும் தசை ஆகியவற்றில் எம் 3.

இங்கே நின்று ஒரு படி உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஏற்பியின் பெயரைச் சொல்வது மட்டும் விளக்கம் ஆகிவிடாது. ஆல்ஃபா 1 ஏற்பி தூண்டப்பட்டால் செல்லுக்குள் கால்சியம் பெருகுகிறது, தசை இறுகுகிறது, இது எளிது. பீட்டா ஏற்பிகளோ, 1 ஆனாலும் 2 ஆனாலும், செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற ஒரே உள்தூதரைத்தான் கூட்டுகின்றன. அப்படியிருக்க இதயத் தசை வலுவாகச் சுருங்குவதும் மூச்சுக்குழல் தசை தளர்வதும் ஏன்? அந்த உள்தூதர் எழுப்பிவிடும் நொதி இதயச் செல்லில் கால்சியம் நுழையும் வாயில்களை மேலும் திறக்க வைக்கிறது. மூச்சுக்குழலின் மென்தசையில் அதே நொதி, சுருங்குவதற்குத் தேவையான வேறொரு நொதியை முடக்கிவிடுகிறது. ஆக, அட்ரினலின் வெளியே என்ன சொல்கிறது என்பதை ஏற்பி தீர்மானிக்கிறது. ஏற்பி உள்ளே என்ன சொல்கிறது என்பதைச் செல்லிடம் இருக்கும் இயந்திரம் தீர்மானிக்கிறது. உடல் ஒரே செய்தியை ஊர் முழுக்க அறிவித்து, ஒவ்வொரு வீடும் தனக்குரிய வேலையைச் செய்ய வைப்பது இப்படித்தான்.

அளவும் இதில் முக்கியம். பீட்டா 2 ஏற்பி அட்ரினலினுக்குச் சிறிய அளவிலேயே இசைந்துவிடும். ஆகவே குறைந்த அளவில் தசைகளின் ரத்தக்குழாய் விரியும். அளவு ஏறினால் ஆல்ஃபா 1 மேலோங்கி, அதே குழாய்கள்கூட இறுகும். பல் மருத்துவர் மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலினைச் சேர்ப்பது, அந்த இடத்தின் குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்துவதற்காக. கடுமையான ஒவ்வாமையில் மயங்கி விழுந்தவருக்குத் தொடைத் தசையில் அரை மில்லிகிராம் போடும்போது எல்லா ஏற்பிகளும் நமக்கு வேண்டும்: ஆல்ஃபா 1 அழுத்தத்தை ஏற்ற, பீட்டா 1 இதயத்துக்கு, பீட்டா 2 மூச்சுக்குழலுக்கு. ஒரே ஊசியில் இத்தனை வேலையைச் செய்யும் வேறு மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

இது அன்றாடம் எப்படி நடக்கிறது என்பதற்கு, படுக்கையிலிருந்து எழுந்து நிற்பதை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. எழுந்த சில நொடிகளில் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் இருக்கும் அழுத்த உணர்விகள், சுவரின் இழுவை குறைந்ததை உணர்ந்து, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்துக்குத் தகவல் அனுப்புவதைக் குறைக்கின்றன. முகுளம் வேகஸைத் தளர்த்தி, பரிவு நரம்பை முடுக்குகிறது. பீட்டா 1 வழியாக நாடி ஏறுகிறது, ஆல்ஃபா 1 வழியாகக் குழாய்களும் சிரைகளும் இறுகுகின்றன. நமக்கு ஒன்றும் நடந்ததாகவே தெரிவதில்லை. பிராஸ்டேட் வீக்கத்துக்காக ஆல்ஃபா 1 ஏற்பியை அடைக்கும் மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்திருக்கிறது. இரவில் சிறுநீர் கழிக்கச் சட்டென்று எழுந்தால் கண் இருண்டு விழுந்துவிடுவார். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேலழுத்தம் 20 புள்ளி குறைந்தால் அதை நோயாகவே கணக்கில் எடுக்கிறோம். வார்டில் வேலை செய்யப்போகும் நீங்கள், இந்த மாத்திரையைத் தொடங்கியவர்களைக் கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழும்படி சொல்வதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஏற்பிகளை நான் கையாலேயே தொட்டு உணர்ந்தது, பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு தேள்கடி நோயாளியிடம். வைக்கோல் போரைப் பிரித்தபோது செந்தேள் கொட்டிய 14 வயதுப் பையன். வரும் வழியிலேயே இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஊசி போடக் கையைப் பிடித்தேன். பனிக்கட்டியைத் தொட்டது போலிருந்தது, ஆனால் வியர்வை விரல் நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. நாடி நூல்போல் ஓடியது. அழுத்தமோ அந்த வயதுக்கு மிக அதிகம். குளிர்ந்த கையில் வியர்வை வருவது எப்படி என்று அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது வகுப்பில் அதையே கேள்வியாக வைக்கிறேன். குளிர்ச்சி, ஆல்ஃபா 1 ஏற்பி தோலின் குழாய்களை இறுக்கியதால் வந்தது. வியர்வை, அசிட்டைல்கோலின் மஸ்கரினிக் ஏற்பியைத் தட்டியதால் வந்தது. இரண்டையும் அனுப்பியது ஒரே பரிவு நரம்பு மண்டலம்.

செந்தேளின் நஞ்சு நரம்பு நுனிகளில் சோடியம் வாயில்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நுனிகள் தம்மிடம் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்க்கின்றன. முதலில் வாந்தி, வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு ஆகிய அசிட்டைல்கோலின் குறிகள். பிறகு அட்ரினலின், நார்அட்ரினலின் வெள்ளம். இறுகிப்போன குழாய்களை எதிர்த்துத் தள்ள முடியாமல் இதயம் சோர்ந்து, நுரையீரலில் நீர் கோக்கும். உயிர் போவது அதனால்தான். மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில், மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ஆல்ஃபா 1 ஏற்பியை அடைக்கும் பிரசோசின் என்ற மலிவான ரத்த அழுத்த மாத்திரையை இதற்குப் பயன்படுத்தி, 1986இல் லான்செட் இதழில் எழுதினார். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கக்கூடிய அந்த மாத்திரை எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தேள் நச்சு முறிமருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் விரைவாகத் தேறுகிறார்கள் என்பதை 2011இல் அவரே ஓர் ஆய்வில் காட்டினார். அந்தப் பையனுக்கும் பிரசோசின் கொடுத்துப் படுக்க வைத்தோம். விடியற்காலையில் உள்ளங்கை வெதுவெதுப்பானது. மூத்த செவிலியர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கை சுட்டுருச்சு சார், இனி பயமில்ல" என்றார். அவர் சொன்னது மருந்தியலின்படி முற்றிலும் சரி: ஆல்ஃபா 1இன் பிடி விட்டுவிட்டது என்பதற்கு அதைவிட நம்பத்தக்க அடையாளம் இல்லை.

இந்த நிலையில் நாடி ஓடுகிறதே என்று பீட்டா ஏற்பியை மட்டும் அடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தசைக் குழாய்களை ஓரளவு விரித்துக்கொண்டிருந்த பீட்டா 2உம் போய்விடும். ஆல்ஃபா 1 தடுப்பாரின்றி இறுக்கும். ஏற்கெனவே திணறும் இதயத்தின் வலுவும் குறையும். டேல் கண்டதன் மறுபக்கம் இது.

பயிருக்குப் பூச்சிமருந்து தெளித்தவர்கள் மூச்சிலும் தோலிலும் அதை வாங்கிக்கொண்டு வருவதை நம் மாவட்ட மருத்துவமனைகளில் காண்பீர்கள். ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகின்றன. பாவை கடுகளவாகிறது, நெஞ்சு முழுக்கச் சளி நீர், நாடி மெதுவாகிறது. இவையெல்லாம் மஸ்கரினிக் ஏற்பிகளின் குறிகள், அந்த ஏற்பிகளை அடைக்கும் அட்ரோபின் இவற்றை மாற்றும். தசைகள் துடிப்பதும் பிறகு தளர்ந்து மூச்சு நிற்பதும் நிக்கோட்டினிக் ஏற்பியின் வேலை. எவ்வளவு அட்ரோபின் கொடுத்தாலும் அது மாறாது. அதனால்தான் நெஞ்சு தெளிந்து, அக்குள் உலர்ந்து, நாடி 80ஐத் தாண்டிய பிறகும் அந்த நோயாளியின் மூச்சை விட்டுக் கண்ணெடுக்கக் கூடாது.

இனி உங்கள் அம்மாவின் மாத்திரை. ஜேம்ஸ் பிளாக் 1960களில் ஆல்குவிஸ்டின் கருத்தை நம்பி, நெஞ்சுவலிக்காரர்களின் இதயத்துக்கு ஓய்வு தர ப்ரோப்ரனலாலை உருவாக்கினார். அது பீட்டா 1, பீட்டா 2 என்று வேறுபாடு பார்க்காமல் இரண்டையும் அடைக்கும். ஆரோக்கியமான மூச்சுக்குழலுக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழலோ எப்போதும் இறுகத் துடித்துக்கொண்டிருப்பது. அதைத் திறந்து வைத்திருக்கும் பீட்டா 2 ஏற்பியை அடைத்தால் இழுப்பு வரலாம், வந்தபின் உறிஞ்சும், பீட்டா 2ஐத் தூண்டி மூச்சுக்குழலைத் திறக்கும் சால்பியூட்டமாலும் சரியாக வேலை செய்யாது, ஏனெனில் சால்பியூட்டமால் போய் உட்கார வேண்டிய ஏற்பியே அடைபட்டிருக்கிறது. மெட்டோப்ரோலால் போன்றவை பீட்டா 1ஐ நாடுபவை. ஆனால் அந்த நாட்டம் முழுமையானது அல்ல, அளவு கூடினால் பீட்டா 2ஐயும் தொடும். ஆகவே அதையும் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. சால்பியூட்டமால் உறிஞ்சிய பின் அம்மாவுக்குக் கை நடுங்கினால் பயப்பட வேண்டாம். எலும்புத்தசையிலும் பீட்டா 2 இருக்கிறது.

பீட்டா அடைப்பான் மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அடைபட்டே கிடந்த செல், குறையை ஈடுகட்ட மேலும் பல ஏற்பிகளை மேற்பரப்பில் முளைக்க விட்டிருக்கும். மாத்திரை விலகியதும் சாதாரண அட்ரினலினே பன்மடங்காகத் தாக்கும், நெஞ்சுவலி வரும். மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்தை நாள்கணக்கில் விட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு இதன் எதிர்ப்பக்கம் நேர்கிறது: ஓயாமல் தூண்டப்படும் ஆல்ஃபா ஏற்பிகள் மந்தமாகி, மருந்து நின்றவுடன் மூக்கு முன்னைவிட அடைத்துக்கொள்கிறது.

இன்சுலின் போடுபவர்களுக்கு ஒரு சொல். ரத்தச் சர்க்கரை இறங்கும்போது எச்சரிக்கும் படபடப்பையும் நடுக்கத்தையும் ப்ரோப்ரனலால் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் அதனால் மறைக்க முடியாது. அது அசிட்டைல்கோலினின் ஆட்சிக்கு உட்பட்டது. இந்த மாத்திரை சாப்பிடும் நீரிழிவு நோயாளி காரணமில்லாமல் வியர்த்துப்போனால் முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள்.

கடைசியாக, உங்கள் அம்மாவுக்கு எதிர்காலத்தில் கண்ணழுத்த நோய் வந்தால் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. அதற்குப் பரவலாகக் கொடுக்கப்படும் டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா 1, பீட்டா 2 இரண்டையும் அடைப்பதுதான். கண்ணில் விட்ட துளி கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கி, கல்லீரலில் சிதையாமல் நேரே ரத்தத்தில் சேர்கிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பை உண்டாக்க அந்த ஒரு துளியே போதுமானது. கண் மருத்துவரின் அறைக்குள் போனதும், கேட்காவிட்டாலும், "எனக்கு ஆஸ்துமா இருக்கிறது" என்று அம்மா சொல்லிவிட வேண்டும்.